ஆடி குருபூஜைகளுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

ஆடிப் பூரத்தில் பாடகச்சேரி இராமலிங்க சுவாமிகள் குருபூஜை, அடுத்து உத்திராடத்தில் பட்டினத்தார் குருபூஜை. திருவொற்றியூரில் இரண்டு அன்னதானமும் குறையில்லாமல் நடந்து முடிந்தன. கொடுத்தவர்கள் படம் போட்டு ஃபிளக்ஸ் வைக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். 'காதற்ற ஊசியும் வாராது' என்று சொன்னவர் வாசலில் அதைக் கட்ட எங்களுக்கு மனசு வரவில்லை. இந்த மடலிலும் பெயர் கிடையாது. செய்த வேலையைச் சொன்னாலே ஊருக்கு ஆள் தெரியும்.

முதலில் கரும்பு ஜூஸ் வண்டி அண்ணன். பேய்க்கரும்பின் நுனி எங்கே தித்திக்கிறதோ அங்கேதான் பட்டினத்தாருக்கு முக்தி என்பது வழிவழியாக வரும் கதை. காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுக் கிளம்பி ஊர் ஊராக அலைந்தவருக்கு அது தித்தித்தது இந்தக் கடற்கரையில். கரும்பு இல்லாமல் குருபூஜை இல்லை. ஆடியில் பொங்கல் கரும்புக்கு எங்கே போவது? ஜூஸுக்கு வரும் கரும்போ நுனி, தோகை எல்லாம் கழித்துத்தான் வரும். நமக்கு வேண்டியதே அந்த நுனி. லோடு ஏற்றும் இடத்திலேயே சொல்லிவைத்து, ஒரு கட்டை மட்டும் தோகையோடு இறக்கித் தந்தார். காசை நீட்டினால், "சாமிகிட்ட போய் கரும்புக்குக் காசு வாங்குவாங்களாப்பா?" என்றார்.

ஆடி மாதம் வடசென்னையில் அண்டா கிடைப்பது குதிரைக்கொம்பு. தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிறார்கள். பாத்திரக் கடைக்காரர் கூழ் அண்டாக்கள் திரும்பி வந்ததும் இரவோடு இரவாகக் கழுவி, குட்டியானையில் ஏற்றி அனுப்பினார். அடுப்பு தந்தது தண்டையார்பேட்டை பிரியாணிக் கடை பாய். வாடகை கேட்டதற்கு, "ராயபுரத்துல மஸ்தான் சாகிபு கந்தூரிக்கு வந்து வேலை செய்யுங்க, கணக்கு நேராயிடும்" என்றார். சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு மறைந்தது 1838இல்; அவர் நினைவு விழாதான் இந்தக் கந்தூரி. அவருடைய பராபரக் கண்ணியைப் பாடும் பெரியவர் ஒருவர் எங்கள் குழுவிலும் உண்டு. கட்டாயம் வருவோம் பாய்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்க, வண்டி கோயில்வரை வரவில்லை. குப்பத்துப் பிள்ளைகள் சாம்பார் அண்டாவைக் கழியில் கட்டித் தோளில் தூக்கி, லாரிகளுக்கு நடுவே புகுந்து கொண்டுவந்து இறக்கினார்கள். பட்டினத்தார் கடைசியாக விளையாடியது கடற்கரைச் சிறுவர்களோடுதான் என்பார்கள். அந்த உரிமையோ என்னவோ, முதல் பந்தியில் யாரையும் கேட்காமல் உட்கார்ந்தும் விட்டார்கள்!

பாடகச்சேரி சுவாமிகள் 1949இல் ஆடிப் பூரத்தன்று இங்கே சமாதியானவர். நாய்களைப் பைரவர் என்று மதித்து இலை போட்டுச் சோறு வைத்தவர். அதனால் அன்றைக்கு அவற்றுக்கும் பந்தி உண்டு. அவை அடித்துக்கொள்ளுமே என்ற எங்கள் கவலையைத் தீர்த்தவர், காலடிப்பேட்டையில் தினமும் தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் அக்கா. உப்பு, காரம் சேர்க்காமல் தயிர்சாதம் பிசைந்தார். ஒரு தெரு நாய் இன்னொரு தெரு இலைக்கு வரக்கூடாது என்று இடம் பிரித்து இலை போடச் சொன்னார். ஒரு உறுமல்கூட இல்லை. மனிதப் பந்தியில்தான் அப்பளத்துக்குக் கொஞ்சம் சத்தம்.

காய் நறுக்கிய பெண்கள், இலை எடுத்த கல்லூரிப் பிள்ளைகள், ஜனம் சாலையைக் கடக்க லாரிகளை நிறுத்திய போக்குவரத்துக் காவலர் எல்லோருக்கும் நன்றி.

வரவு செலவுக் கணக்கைப் பந்தல் போட்ட இடத்தில் ஒட்டியிருக்கிறோம். யாரோ விட்டுப்போன எவர்சில்வர் தூக்கும் ஒரு குடையும் பாத்திரக் கடையில் இருக்கின்றன. அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

அன்னதானக் குழுவினர்
திருவொற்றியூர்