அறிவியல் வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு 11 கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் கூட்டத்தை மழை கொண்டுபோய்விட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்குள் அவரைப் பார்த்துவிட்டால் நல்லது.

ஆகஸ்ட் கூட்டத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாட்ச்மேன் வந்து சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டிய பிறகே அன்று எழுந்தோம். பேசியது ஐஸ்லாந்தில் சில குடும்பங்களில் வழிவழியாக வரும் மூளை ரத்தக்கசிவு நோய் பற்றி. பி.பி. சரியாக இருக்கும் இளவயதுக்காரர்களையே அது தாக்குகிறது. சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தின் மரபணுவில் ஒரு சிறு பிழை. அதனால் அந்தப் புரதம் மூளை ரத்தக்குழாய்ச் சுவர்களில் படிகிறது, சுவர் இற்றுப்போகிறது. ஆர்னி ஆர்னாசன் என்ற மருத்துவர் 1935லேயே இந்தக் குடும்பங்களைப் பற்றி எழுதிவிட்டார்.

எங்களை உட்கார வைத்தது 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு. நோய் தொடங்கிய வயது பழைய ஏடுகளில் இருக்காது, இறந்த வயது இருக்கும். அதை வைத்து ஆய்வாளர்கள் வம்சாவளியைத் தேடிப் போனார்கள். (ஐஸ்லாந்துக்காரர்கள் 1703இலேயே நாட்டு மக்கள் அத்தனை பேரையும் பெயர் எழுதிக் கணக்கெடுத்தவர்கள். நம் உறுப்பினர் பட்டியல் இன்னும் மூன்று நோட்டுகளில் கிடக்கிறது.) பிழை மரபணு கொண்டவர்களில் 1825 வாக்கில் பிறந்தவர்கள் சராசரியாக 65 வயது வரை இருந்திருக்கிறார்கள். 1900 வாக்கில் பிறந்தவர்களுக்கு அது 30 ஆகச் சுருங்கிவிட்டது. பிழை என்னவோ சுமார் 18 தலைமுறைக்கு முந்தைய ஒரே மூதாதையிடமிருந்து வந்த அதே பிழைதான். இதே காலத்தில் இன்னொன்றும் தலைகாட்டியது: பிழையைத் தாய்வழியாகப் பெற்றவர்கள் தந்தைவழியாகப் பெற்றவர்களைவிட 9 ஆண்டு முன்னதாகவே போய்விடுகிறார்கள்.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஐயா உடனே மடக்கினார்: "பிள்ளை பெற்றவர்கள்தானே வம்சாவளியில் அகப்படுவார்கள்? அப்போ ஆயுசு கூடுதலாகத்தானே தெரியும்?" நல்ல கேள்வி. காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு கோடு போட்டுப் பார்த்தோம். பிள்ளை பெற 65 வரை இருக்க வேண்டியதில்லை. அதோடு, பிந்திப் பிறந்தவர்களும் அதே சல்லடையில் சலிக்கப்பட்டவர்கள்தான். ஐயா பாதி சமாதானமானார்.

சரி, காரணம்? வாழ்க்கைமுறை மாற்றம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். கருவாடும் வெண்ணெயுமாக இருந்த தட்டில் அந்த நூற்றாண்டில்தான் இறக்குமதி மாவும் சர்க்கரையும் கூடின. அதற்காக அன்று வந்த டீயில் சர்க்கரை வேண்டாம் என்று நான்கு பேர் சொன்னது கொஞ்சம் அதிகம்தான். ஊகம் இன்னும் ஊகமாகவே இருக்கிறது.

காலண்டர் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வாட்ச்மேன் அண்ணனுக்குக் கூடுதல் நேரத்துக்கு ஒரு தொகை தர இந்தக் கூட்டம் ஒப்புதல் அளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்