அட்டையில் பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனநல மருந்துகளைப் பற்றி எழுதும்போது நாளிதழ்கள் 'மன அழுத்த மாத்திரை', 'தூக்க மாத்திரை' என்ற இரண்டு சொற்களுக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடுகின்றன. மன அழுத்தம் வேலைப்பளுவிலும் பணக்கவலையிலும் யாருக்கும் வருவது. மனச்சோர்வு, சிகிச்சை தேவைப்படும் நோய். அதற்கான மாத்திரைகளில் பல, தூக்கத்துக்கானவையே அல்ல. அவற்றில் ஒன்றான ஃப்ளூவாக்சடினை இரவில் விழுங்கினால் சிலருக்கு வருகிற தூக்கமும் போய்விடும். அதனால்தான் பெரும்பாலும் அதைக் காலையில் எழுதித் தருகிறார்கள். மருந்தின் உட்பொருள் பெயரை, அதாவது ஜெனரிக் பெயரை, நேராக அச்சிட்டால் இந்தக் குழப்பம் பாதி தீரும். செய்தியில் புழங்கும் பெயர் வீட்டிலும் புழங்கும். வீட்டில்தான் அது அதிகம் தேவைப்படுகிறது.

மாத்திரை அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. கடையில் வேறு நிறுவனத்தின் அட்டையைக் கொடுத்தால், 'மருந்தையே மாற்றிவிட்டார்கள்' என்று பயந்து நிறுத்திவிடுவோர் உண்டு. பழைய அட்டையில் மிச்சமிருப்பதையும் புதியதையும் வெவ்வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்து விழுங்குவோரும் உண்டு. இருவருமே அந்தப் பொடி எழுத்தைப் படித்திருந்தால் போதும். மனச்சோர்வு மருந்தொன்றின் அட்டையில் அங்கே 'எஸ்சிட்டலோபிராம் ஆக்சலேட், எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராமுக்கு இணையானது' என்பதுபோல ஒரு வரி இருக்கும். ஆக்சலேட் என்பது மாத்திரையாக்க வசதியாகச் சேர்த்த உப்புப் பகுதி. உப்போடு சேர்த்து எடை 12.77 மில்லிகிராம் வரும்; மருத்துவர் எழுதும் 10 என்பது மருந்தின் எடை மட்டும்.

இந்த எஸ்சிட்டலோபிராமுக்குச் சிட்டலோபிராம் என்று ஓர் உடன்பிறப்பு உண்டு. பெயரில் முன்னால் வரும் 'எஸ்' மட்டும்தான் வேறுபாடு, அளவில் அப்படியல்ல. முன்னதில் 10 மில்லிகிராம், பின்னதில் ஏறக்குறைய 20 மில்லிகிராமுக்குச் சமம். சிட்டலோபிராம் அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குலைக்கும் என்பதால், அதன் உச்ச அளவை நாளுக்கு 40 மில்லிகிராம், 60 வயதைக் கடந்தோருக்கு 20 என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வரையறுத்தது. நிறுவனப் பெயர்கள் இன்னும் மோசம். வோர்ட்டியாக்சடின் என்ற மனச்சோர்வு மருந்து அமெரிக்காவில் 'பிரின்டெல்லிக்ஸ்' என்ற பெயரில் வந்தது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் 'பிரிலின்டா'வோடு குழம்பி மாற்றி எழுதுவதும் மாற்றிக் கொடுப்பதும் நடந்ததால், 2016-ல் 'டிரின்டெல்லிக்ஸ்' என்று பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று.

ஒரே உட்பொருள் வேறு நோய்க்கு வேறு பெயரில் வருவதும் உண்டு. புப்ரோபியான் மனச்சோர்வுக்கும் தரப்படுகிறது, புகைப்பழக்கத்தை விடவும் தரப்படுகிறது. இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயரில் எழுதிவிட்டால் அளவு இரட்டிப்பாகும். புப்ரோபியான் அளவு கூடக்கூட வலிப்பு வரும் வாய்ப்பும் கூடும். மனச்சோர்வு மருந்துகளான டுலாக்சடின் நரம்புவலிக்கும், அமிட்ரிப்டிலின் 10, 25 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் ஒற்றைத் தலைவலியைத் தடுக்கவும் எழுதப்படுகின்றன. 'எனக்கு மனநல மாத்திரை எதுவும் இல்லை' என்று உறுதியாகச் சொல்லும் பலர் இவற்றில் ஒன்றை விழுங்கிக்கொண்டிருப்பார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாது.

கலவை மாத்திரைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எஸ்சிட்டலோபிராமோடு குளோனசெபாமும் சேர்த்து ஒரே மாத்திரையாக வருகிறது. முதலாவது பல மாதங்களுக்கானது. இரண்டாவது, முதல் மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை பதற்றத்தைத் தணிக்கச் சில வாரங்களுக்கு மட்டும் தரத்தக்கது. நீண்டால் உடல் அதற்குப் பழகிவிடும், முதியோருக்கு நிலைதடுமாறி விழும் ஆபத்தும் உண்டு. ஒட்டிப் பிறந்த மாத்திரையில் ஒன்றை மட்டும் குறைக்க வழியில்லை. நோயாளி திடீரென்று நிறுத்தினால் இரண்டையும் ஒருசேர நிறுத்துகிறார். குளோனசெபாமை அப்படி நிறுத்துவதால் வலிப்புகூட வரலாம். அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தால், இரண்டாவது எதற்கு, எத்தனை நாளைக்கு என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவது நோயாளியின் உரிமை.

மனச்சோர்வு மருந்தைத் தொடங்கும்போது பலன் பின்னாலும் தொல்லை முன்னாலும் வரும் என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லிவிட்டால், முதல் பத்து நாளில் கைவிடுவோர் குறைவார்கள். குமட்டல், தலைவலி, இனம்புரியாத படபடப்பு ஆகியவை முதல் ஓரிரு வாரங்களில் வந்து பெரும்பாலும் தணிந்துவிடும். சாப்பாட்டுக்குப் பின் விழுங்கினால் குமட்டல் குறையும். மனநிலையில் மாற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். 25 வயதுக்குட்பட்டோரை இந்தத் தொடக்கக் காலத்தில் வீட்டார் கூர்ந்து கவனிக்க வேண்டும். தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற கட்டமிட்ட எச்சரிக்கையைச் சிறார்களுக்காக 2004-லும், 24 வயது வரையிலானோருக்காக 2007-லும் அமெரிக்காவில் அட்டைக்குறிப்பில் சேர்த்தார்கள். அப்படியொரு எண்ணம் வெளிப்பட்டால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தூக்கமே தேவைப்படாத உற்சாகமும் கட்டுக்கடங்காத செலவும் பேச்சும் தலைகாட்டினால் அது குணமான அறிகுறி அல்ல; மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய் வெளிப்படுவதாக இருக்கலாம். அதற்கும் அதே அவசரம்தான்.

நிறுத்துவதில்தான் தவறுகள் அதிகம். நலமான பின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நோய் மீண்டும் மீண்டும் வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். இந்த மருந்துகள் போதைப்பொருள் அல்ல. ஆனால் பட்டென்று விட்டால் உடல் எதிர்வினை காட்டும். தலைச்சுற்றல், எரிச்சல், விபரீதக் கனவுகள், தலைக்குள் மின்சாரம் சுரீரென்று பாய்வதுபோன்ற உணர்வு இவை இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். நிறுத்திய மருந்தை மறுபடி எடுத்தால் விரைவில் அடங்கும். பழைய நோய் திரும்புவதோ வாரக்கணக்கில், மெல்ல மெல்ல. இந்தக் கால வித்தியாசம் தெரியாததால், மருந்தை நிறுத்தியதால் வரும் அறிகுறியை நோய் என்று நினைத்து வாழ்நாளெல்லாம் மாத்திரை என்று மனம் ஒடிந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

எந்த மருந்து என்பதும் இங்கே முக்கியம். வென்லாஃபாக்சினின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம்தான். ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தெரிந்துவிடும். பராக்சடினுக்கு ஒரு நாளைக்குள். ஃப்ளூவாக்சடினும் அதிலிருந்து உடலில் உருவாகும் பொருளும் வாரக்கணக்கில் தங்கும். தானாகவே படிப்படியாக இறங்கும். 'ஒருநாள் விட்டு ஒருநாள்' என்ற வீட்டு யோசனை பராக்சடினுக்கும் வென்லாஃபாக்சினுக்கும் ஆகாது. அது குறைப்பதல்ல, நாள்தோறும் ஏற்றி இறக்குவது. இன்னொன்று: சிட்டலோபிராம் 20 மில்லிகிராம், மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற பொருளைத் திரும்ப உறிஞ்சும் புரதங்களில் சுமார் 80 விழுக்காட்டை அடைத்துக்கொள்கிறது. 3, 4 மில்லிகிராமுக்கு இறங்கினாலும் ஏறத்தாழப் பாதி அடைபட்டே இருக்கும். ஆகவே கடைசியில் எஞ்சும் சிறு துணுக்கிலிருந்து பூச்சியத்துக்கு இறங்குவதுதான் மிகப் பெரிய படி. அந்த இடத்தில் அவசரப்படாமல், கிடைத்தால் திரவ வடிவில், மருத்துவர் சொல்லும் சிறு சிறு அளவுகளாகக் குறைக்க வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை உடைத்தோ பொடித்தோ குறைக்கப் பார்க்கக் கூடாது. நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

பிற மருந்துகளோடு மோதுவது அடுத்தது. வலிக்கான டிராமடால், வறட்டு இருமல் மருந்திலுள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான், லினெசோலிட் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவை இந்த மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் செரட்டோனின் அளவுமீறலாம். கை நடுக்கம், கொட்டும் வியர்வை, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், மனக்குழப்பம் என்று சில மணி நேரத்தில் வரும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது இது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் வாய்ப்பு கூடும். காரணம் எளிது: ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும், மேலே சொன்ன அதே உறிஞ்சு புரதத்தின் வழியாகத்தான் செரட்டோனினைச் சேமிக்கின்றன, அந்த வழியை மருந்து அடைத்துவிடுகிறது. சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் பாதுகாப்பானது. மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் எடுப்பவருக்குப் பராக்சடினும் ஃப்ளூவாக்சடினும் பொருந்தாது. தமாக்சிஃபெனைச் செயல்வடிவுக்கு மாற்றும் கல்லீரல் நொதியை அவை முடக்குகின்றன. ரத்த அழுத்தத்துக்காக ஹைட்ரோகுளோரோதயசைடு எடுக்கும் முதியவர், புதிதாகச் செர்ட்ராலின் தொடங்கிய சில வாரத்தில் தடுமாறினாலோ குழம்பிப் பேசினாலோ, வயதின் மேல் பழி போடும் முன் ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இரண்டு மருந்துமே அதைக் குறைக்கக்கூடும்.

ஒரு வேளை மறந்தால் அன்றே நினைவு வந்ததும் விழுங்கலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்து அல்ல. மாத்திரையை அட்டையிலிருந்து வெட்டி வாங்கும்போது உட்பொருள் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி கடையிலேயே தங்கிவிடுவதால், கைக்கு வருவது பெயரில்லாத வெள்ளை மாத்திரை. முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு சீட்டில் உட்பொருள், மில்லிகிராம், எந்த வேளை, தொடங்கிய தேதி இவற்றை எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். அதைப் பல் மருத்துவரிடமும் காட்டுங்கள். டிராமடாலும் ஐபுபுரோஃபெனும் அங்கேயும் எழுதப்படுகின்றன. உங்கள் நாளிதழிடம் கேட்பதும் அந்தச் சீட்டின் முதல் இரண்டு விவரங்களைத்தான்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்