தவறியது கால்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் கட்டிவரும் வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியிலிருந்து வடமாநிலத் தொழிலாளி ஒருவர் ‘கால் தவறி விழுந்து’ இறந்ததாகச் செய்தி போட்டிருந்தீர்கள். நான்கே வரி, பெயர்கூட இல்லை. கால்தான் தவறியது என்று உங்கள் நிருபரிடம் யார் சொன்னது? விழுந்தவர் சொல்லியிருக்க முடியாது.

நான் 38 வருஷம் கொத்து வேலை பார்த்தவன். பள்ளத்தூரில் செட்டியார் வீட்டு மராமத்தில் சித்தாளாகச் சேர்ந்தேன். அப்போது சாரம் என்றால் சவுக்குக் கம்பும் கயிறும்தான். மேஸ்திரி காலையில் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்த பிறகே ஆளை ஏற்றுவார். இப்போது இரும்பு பைப் வந்துவிட்டது. இழுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

என் மச்சான் விழுந்தது ஒரு ஜவுளிக்கடைக் கட்டடத்தில். லிஃப்ட் குழியை ஒரு பிளைவுட் துண்டு போட்டு மூடியிருந்தார்கள். ஆணி அடிக்கவில்லை. சிமெண்டுச் சட்டியோடு வந்தவன் அதை மிதித்துவிட்டான். இரண்டு தளம் கீழே. உயிர் தப்பியது, இடுப்பு போச்சு. 11 வருஷமாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். அன்றும் உங்கள் பத்திரிகையில் இதே ‘கால் தவறி’தான். அப்போதே கடிதம் எழுதினேன். இடமில்லை போலிருக்கிறது. அந்தக் கடை திறந்தபோது முழுப்பக்க விளம்பரத்துக்கு இடம் இருந்தது.

விபத்தைத் தடுக்க வேண்டியது வேலை தருபவர் பொறுப்பு என்று 1996லேயே சட்டம் போட்டது தங்களுக்குத் தெரியாததல்ல. கட்டடச் செலவில் 1 சதவீதம் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்துக்கும் வாங்குகிறார்கள். சரி, அது விழுந்த பிறகு உதவும் காசு. விழாமலிருக்க மாடி விளிம்பில் இரண்டு வரிசை பைப் கட்டலாமே, எத்தனை நாள் வேலை அது? விழாமல் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்பு பெல்ட் தருகிறார்கள், அதிகாரி வரும் நாளில். அதையும் சாரத்துப் பைப்பிலேயே மாட்டுகிறார்கள். சாரம் சரிந்தால் ஆளும் சேர்ந்துதானே வருவான்? கொக்கியைத் தலைக்கு மேலே, கட்டடத்தில் உறுதியான இடத்தில் மாட்ட வேண்டும். அதை அந்தப் பையன்களுக்கு இந்தியில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

தங்களைக் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி இப்படிச் செய்தி வந்தால் விளிம்பில் தடுப்பு இருந்ததா, பெல்ட் எதில் மாட்டியிருந்தது என்று கேட்டு ஒரு வரி போடுங்கள். ‘கால் தவறி’யை எடுத்துவிட்டால் அதற்கு இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொத்தனார் ஒருவர்,
பள்ளத்தூர்.