வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்காக ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
வேளாங்கண்ணி நடைப்பயணக் குழு ஒன்றின் உறுப்பினர்,
சாலியமங்கலம் அருகில், தஞ்சாவூர் மாவட்டம்.
(பெயர், முகவரி, கைபேசி எண் தனித்தாளில் உள்ளன)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருவாரூர் மாவட்டம்.

பொருள்: வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து செல்பவர்களுக்குக் கோவில்வெண்ணி முதல் தங்கள் மாவட்ட எல்லை முடியும் வரை குடிநீர், கழிப்பறை, இரவுப் பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்து தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடி ஏறும். செப்டம்பர் 7 மாலை பெரிய தேர், மறுநாள் மாதா பிறந்த நாள். இந்தப் பத்துப் பதினைந்து நாளும் தஞ்சாவூர் – நாகப்பட்டினம் சாலையில் காவி உடுத்திய கூட்டம் போய்க்கொண்டே இருப்பது தாங்கள் அறிந்ததே. தஞ்சாவூரிலிருந்து நடந்தால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். திருச்சி, திண்டுக்கல் பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு இன்னும் அதிகம். சாலியமங்கலம், அம்மாபேட்டை தாண்டி கோவில்வெண்ணியில் தங்கள் மாவட்டத்துக்குள் நுழைந்து, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர் வழியாகக் கீழ்வேளூர் நோக்கிப் போவார்கள். பயணத்தின் நடுப்பகுதி முழுக்கத் தங்கள் மாவட்டத்தில்தான். கால் கொப்பளிக்க ஆரம்பிப்பதும் அங்கேதான்.

எங்கள் ஊர்க் குழுவை முப்பது ஆண்டுகளுக்கு மேல் அழைத்துச் சென்றவர் என் சித்தப்பா. கடந்த தவக்காலத்தில் காலமானார். அவர் பெயரை இந்த மனுவில் நான் எழுதவில்லை. கோயிலில் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று பூசை பார்த்த மனிதர். திருவிழா நோட்டீசில் பெயர் போட்டாலே இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அவர் நினைவாக ஒரு நிழற்குடை கட்டிப் பெயர் எழுதலாம் என்று அன்பியக் (பங்கில் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழு) கூட்டத்தில் பேச்சு வந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். அவர் செய்துகொண்டிருந்த வேலையை யாராவது தொடர்ந்து செய்தால் போதும். அது என்ன வேலை என்று சொல்லத்தான் இந்த மனு.

சித்தப்பாவுக்குச் சைக்கிள் கடை. பஞ்சர், ரிம் கோட்டம், செயின் மாற்றுவது என்று நாள் முழுக்கக் குந்தியே வேலை. மாதா சொரூபம் வைத்துத் தள்ளிப்போகும் குழுவின் வண்டிக்கு அவர்தான் பழைய சைக்கிள் சக்கரம் பூட்டிக் கொடுத்தார். அழைத்துச் சென்றவர் என்று எழுதிவிட்டேன், ஆனால் அவர் முன்னால் போனதே இல்லை. வண்டி முன்னால் போகும், பாட்டும் ஜெபமும் அதோடு போகும். சித்தப்பா கடைசி ஆளுக்கும் பின்னால், கையில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய டார்ச்சோடு வருவார். பின்னால் லாரி வெளிச்சம் தெரிந்தால் டார்ச்சை மேலும் கீழும் ஆட்டி, ‘ஓரம், ஓரம்’ என்று குரல் கொடுப்பார். கடையில் மிச்சமாகும் சிவப்பு பிரதிபலிப்பு ஸ்டிக்கரை வெட்டி ஒவ்வொருவர் பை முதுகிலும் ஒட்டிவிடுவார். புதிதாக வருகிற இளவட்டங்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டு ஒட்டிக்கொள்வார்கள்.

வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொள்கிறவர்கள் எங்களில் பலர். பகலில் தார் சுடும் என்று மண் ஓரத்தில் இறங்கினால் சீமைக்கருவேல முள். அதற்கென்று ஒரு சின்ன இடுக்கியும் வேப்பெண்ணெயும் சித்தப்பா பையில் இருக்கும். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தால் ஊரே சலித்துக்கொள்ளும், அவருக்கு மட்டும் சந்தோஷம். எல்லோரையும் உட்கார வைத்து ஒவ்வொரு காலாகப் பார்ப்பார். இந்து, கிறிஸ்தவர் என்று பார்த்ததில்லை. எங்கள் குழுவில் பாதிப் பேர் ஞானஸ்நானம் வாங்காதவர்கள்தான். பிள்ளை வரம் கேட்டும், உடம்பு சுகமானதற்கு நன்றி சொல்லவும் வருகிறவர்கள். வழியில் மோர் கொடுக்கிற வீட்டுக்காரர்களும் பெரும்பாலும் மாற்று மதத்தவர்களே. மோர் என்றால் அவர் மறுக்க மாட்டார். மோர் விற்ற கால் ஊனமான பையனுக்கு மாதா காட்சி கொடுத்ததால்தானே வேளாங்கண்ணி நடுத்திட்டில் கோயிலே வந்தது என்பார்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு வேளாங்கண்ணிக்குப் போனவர் ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பினார். சடலம் தூக்கினார் என்பது உடன் போனவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அவர் போன பிறகு கடையைக் காலி செய்தபோது கடன் நோட்டு ஒன்று கிடைத்தது. முன்பக்கம் முழுக்கப் பஞ்சர் ஒட்டிய கணக்கு. ஒவ்வொரு கிறிஸ்மஸ் வாரமும் வராத பாக்கியை எல்லாம் ஒரே கோடாக அடித்திருக்கிறார். சித்திக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு, நியாயமான வருத்தம்தான். நோட்டின் பின்பக்கத்தில் வேளாங்கண்ணி வழி. எங்கே குடிக்கிற தண்ணீர் கிடைக்கும், எங்கே பெண்கள் ஒதுங்க மறைவு இருக்கிறது, எங்கே ராத்திரி படுக்க விடுவார்கள், எங்கே வளைவில் வண்டி வருவது தெரியாது என்று ஆண்டுக்கு ஆண்டு திருத்தி எழுதி வைத்திருக்கிறார். தூரத்தை ஜெபமாலைக் கணக்கில் போட்டிருப்பதுதான் சிக்கல். ‘பாலம் தாண்டி 4 ஜெ. தண்ணி இல்ல’ என்று இருக்கும். நடந்துகொண்டே ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கச் சுமார் 20 நிமிடம் ஆகும். தளர்ந்த நடையில் ஒன்றேகால் கிலோமீட்டர் வரும். அரசு அலுவலகத்தில் இந்தக் கணக்கு செல்லாது என்பதால், மோட்டார் சைக்கிளில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே போய்க் கிலோமீட்டராக மாற்றிப் பட்டியல் தயாரித்து இணைத்துள்ளேன்.

இதையெல்லாம் அரசுக்கு எழுதலாமே என்று நான் கேட்டதுண்டு. ‘மாதாகிட்ட சொல்லியாச்சுப்பா’ என்பார். மாதாவிடம் சொன்னது சரி, ஆட்சியரிடமும் சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம். ஒரு சைக்கிள் கடைக்காரர் டார்ச்சையும் இடுக்கியையும் வைத்துக்கொண்டு ஒரு குழுவைத்தான் பார்த்துக்கொள்ள முடியும். சாலையில் போகிற அத்தனை பேருக்கும் செய்ய வேண்டியது நிர்வாகத்தின் வேலை. எனவே கீழ்க்கண்டவற்றைத் தங்கள் கனிவான பார்வைக்கு வைக்கிறேன்.

முதலில் பெண்கள் பிரச்சினை. தண்ணீரைக்கூட யார் வீட்டிலாவது கேட்டு வாங்கிவிடலாம். கழிப்பறைக்கு வழியில்லாததால் எங்கள் குழுப் பெண்கள் நடக்கும்போது தண்ணீரே குடிப்பதில்லை. அப்படியே நடந்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு. ஆகஸ்ட் கடைசி வாரம் முதல் செப்டம்பர் 8 வரை, பட்டியலில் குறித்துள்ள இடங்களில் தண்ணீர் வசதியோடு நடமாடும் கழிப்பறைகள் நிறுத்த வேண்டும். சாலையோர ஊர்களில் ஏற்கெனவே உள்ள பொதுக் கழிப்பறைகளை அந்த நாட்களில் இரவிலும் பூட்டாமல் வைத்தாலே பாதிக் கஷ்டம் தீரும். செலவில்லாத காரியம் என்பதால் இதை அழுத்திக் கேட்கிறேன்.

அடுத்தது இரவு. வெயிலுக்குப் பயந்து பெரும்பாலானோர் மாலை முதல் நள்ளிரவு வரையிலும், விடியற்காலையிலும்தான் நடக்கிறார்கள். ஊர்களுக்கு இடைப்பட்ட வயல்வெளிப் பகுதிகளில் விளக்கு கிடையாது. காவல்துறை மூலம் வேகத்தைக் குறைக்கும் தடுப்புகளும், ‘நடைப்பயணிகள் செல்கிறார்கள்’ என்ற எச்சரிக்கைப் பலகைகளும் வைத்து, இரவு ரோந்து வாகனம் ஒன்று போய் வர ஏற்பாடு செய்ய வேண்டும். குழுக்களுக்குப் பிரதிபலிப்பு ஸ்டிக்கர் வழங்கினால் ஒட்டிவிடும் வேலையை எங்கள் பையன்களே செய்வார்கள்.

சாலையின் மண் ஓரத்தில் முள்ளை வெட்டி அப்புறப்படுத்தித் தர வேண்டும். குடிநீருக்கு சின்டெக்ஸ் தொட்டிகள் வைத்து ஊராட்சிகள் மூலம் நிரப்பித் தர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கால் புண்ணுக்கு மருந்து கட்டவும், 108 ஊர்தி ஒன்று இந்தத் தடத்தில் நிற்கவும் உத்தரவிட வேண்டும். இரவு தங்க சமுதாயக் கூடங்களைத் திறந்து விட்டால், காலையில் கூட்டிப் பெருக்கி ஒப்படைக்க எங்கள் குழு பொறுப்பேற்கும்.

சாலை தேசிய நெடுஞ்சாலை, தண்ணீர் ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் பார்ப்பது, தடுப்பு காவல்துறை. நாங்கள் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினால் திருவிழாவே முடிந்துவிடும். எல்லாத் துறையினரையும் ஒன்றாக உட்கார வைக்கும் அதிகாரம் தங்களிடம்தான் உள்ளது. தஞ்சாவூர், நாகப்பட்டினம் மாவட்ட ஆட்சியர்களுக்கும் இதே மனுவைக் கொடுக்க இருக்கிறோம்.

இது கத்தோலிக்கர்களுக்கு மட்டும் கேட்கும் சலுகை அல்ல. சிக்கல் முருகன் கோயில், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மாதா கோயில் மூன்றும் இந்தச் சாலையின் கடைசியில்தான் இருக்கின்றன. முள் வெட்டினால் எல்லார் காலுக்கும்தான்.

ஜூலை மாதத்துக்குள் ஒரு ஆலோசனைக் கூட்டம் நடத்தி, நடைப்பயணக் குழுக்களையும் அதற்கு அழைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நோட்டின் அசலைப் பார்க்க விரும்பினால் கொண்டு வந்து காட்டுகிறேன். சித்தி திருப்பிக் கேட்பார் என்பதால் அலுவலகத்தில் விட்டுச் செல்ல இயலாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: நோட்டுப் பக்கங்களின் நகல், இடங்களின் கிலோமீட்டர் பட்டியல், குழு உறுப்பினர்களின் கையொப்பங்கள்.