மாற்கு ஒன்பதில் வரும் தகப்பன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே சுகம். அப்பாவுக்கு முட்டி வலி மட்டும் விட்டபாடில்லை.

நாங்கள் காலை ஆராதனை முடிந்து வந்து போன் அடித்தால் இப்போதெல்லாம் உடனே எடுத்துவிடுகிறாய். உங்கள் சபையில் அந்நேரம் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

பாப்பாவுக்கு மாத்திரை நேரம் தவறாமல் கொடுக்கிறீர்களா? கொஞ்ச நாளாக வலிப்பு வரவில்லையே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் பலமாகத் திரும்பி வரும். வந்தால் ஒருக்களித்துப் படுக்கவை, வாயில் எதையும் வைக்காதே. கையில் சாவிக்கொத்து, இரும்பு என்று யார் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று சொல். 5 நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

பெற்றவர்களுக்கு விசுவாசம் இருந்திருந்தால் பிள்ளை இந்நேரம் சுகமாகியிருக்கும் என்று அந்த ஜெபக்கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால் சொன்னார்களாமே. உன் மனைவி சொல்லித்தான் தெரியும். நீ சொல்லவில்லை. ஞாயிறுபள்ளியில் வசனப் போட்டி என்றால் உன்னை முந்த ஆள் கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளையைப் பார்த்து ஒருவர் இப்படிச் சொன்னாரே என்று எனக்கு ஆறவேயில்லை. நீயாவது அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வேதத்தில் மாற்கு 9-ஐ எடுத்து வாசி. அங்கேயும் இப்படி ஒரு பிள்ளைதான். நுரை தள்ளுகிறான், பல்லைக் கடிக்கிறான், தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான். மத்தேயு அவனைச் சந்திரரோகி, அதாவது வலிப்புக்காரன் என்றே எழுதுகிறார். ஆண்டவர் மறுரூப மலையிலிருந்து இறங்கி வரும்போது கீழே சீஷர்களைச் சுற்றி வேதபாரகர் தர்க்கம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தரும் பிள்ளையைப் பார்க்கவில்லை. ஆண்டவர்தான் தகப்பனிடம், இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று விசாரிக்கிறார். எனக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

"நீ விசுவாசிக்கக்கூடுமானால்" என்று தகப்பனிடமும் சொல்கிறார்தான், அதை நான் மறைக்கவில்லை. அந்த மனுஷன் என்ன செய்தான்? "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சத்தமிட்டான். இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். மிச்சத்தையும் சேர்த்துக்கொண்டு வா என்று ஆண்டவர் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. செத்துப்போனான் என்று ஜனங்கள் சொன்ன பிள்ளையைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். நம் பாப்பாவுக்கு எப்படிச் செய்வார் என்று எனக்குத் தெரியாது, மகனே. மாத்திரை வழியாகச் செய்தாலும் அது அவர் கைதான்.

சீஷர்களையும் பார். ஆறாம் அதிகாரத்தில் அநேகம் பிசாசுகளைத் துரத்தினவர்கள் இங்கே இந்தப் பிள்ளையைக் குணமாக்க முடியாமல் நிற்கிறார்கள். முன்னே கிடைத்த வல்லமை கைவசம் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்போல. ஜெபம் வேண்டும் என்கிறார் ஆண்டவர். அவர் சொன்னது சீஷர்களுக்கு. பிள்ளையைக் கொண்டுவந்தவன் தலையில் அதைக் கட்டவில்லை. அவர்களும் அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டவர்கள்தானே? ஆனாலும் அவரை விட்டுப் போகவில்லை. வீட்டுக்குள் போனதும், எங்களால் ஏன் முடியவில்லை என்று அவரிடமே கேட்டார்கள். நீயும் கேள். கோபத்தோடு என்றாலும் அவரிடமே கேள். அந்தக் கூட்டத்துக்கு இனி போகவேண்டாம், நானே சொல்கிறேன். உங்கள் சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால்கூடப் போதும். பாட வராவிட்டால் சும்மா இரு.

மாத்திரை தீருவதற்கு முன்பே வாங்கி வை. டாக்டரிடம் அடுத்து எப்போது போகவேண்டும் என்று தேதியை எழுது, நானும் கூட வருகிறேன். ரயிலில் தனியாக வர எனக்குப் பயமில்லை.

அம்மா