பத்தை மூன்று தரம் எண்ணியவருக்கு

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் என் புருசன் திடீரென்று விழுந்து, இதயம் நின்றுபோனது மட்டக்களப்புக் கல்லடியில் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நேற்றுக் காலை இவர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நெஞ்சு நோகுது" என்றார். இரண்டு விலா எலும்பில் வெடிப்பு. நாங்கள் அழுத்தியதில் வந்தது. நெஞ்சை ஆழமாக அழுத்தும்போது பெரியவர்களுக்கு இப்படி வருவது வழமைதான், ஆறிவிடும் என்று டொக்டர் சொன்னார். வெளியே வந்து ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து அழுதேன். அதே வாங்கில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். யாருடைய பெயரையும் போடவில்லை, போட்டால் ஒருவரையாவது விட்டுவிடுவேன். நான் கத்திய உடனேயே அம்புலன்ஸ் இலக்கம் 1990க்கு அழைத்து, ஒழுங்கையை அடையாளம் சொல்லி, போனை வைக்காமல் நின்ற பக்கத்து வீட்டு மச்சாள். சந்தி வரை ஓடிப்போய் அம்புலன்சைக் கூட்டி வந்த பிள்ளைகள். ஒழுங்கையில் நின்ற வாகனங்களைச் சொல்லாமலே பின்னுக்கு எடுத்த ஓட்டோக்காரத் தம்பிமார். அம்புலன்சில் வந்த இரண்டு பேர். போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவிலும் அதிதீவிரப் பிரிவிலும் இராப்பகலாக நின்ற டொக்டர்மார், தாதிமார், சிற்றூழியர்கள். மாமாங்கக் கோயிலில் அர்ச்சனை செய்தவர்களும், தேவாலயத்தில் ஜெபித்தவர்களும், இவருக்காக துஆ கேட்ட காத்தான்குடி நண்பர்களும். என் பிள்ளைகளுக்கு ஐந்து நாளாகப் புட்டும் சோறும் அனுப்பிய வீடுகள். உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இனிச் சொல்லப் போவது ஒருவரைப் பற்றி.

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் பூவரச மரத்துக்குக் கீழே வலை பொத்திக்கொண்டிருக்கும் பெரியப்பாவை எல்லோரும் கண்டிருப்பீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் கரைவலை இழுத்தவர். இப்போது முழங்கால் இரண்டும் மடங்காது. பதினைந்து வருடமாக அந்த வழியால் போகிறேன், "சுகமா மகள்" என்பார், "ஓம் பெரியப்பா" என்பேன். எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் வேலை செய்யும் இடத்தில் ஒருநாள் முதலுதவி வகுப்பு வைத்தார்கள். ரப்பர் பொம்மையில் அழுத்திப் பழகினோம். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றக் கையை அதன் மேல் கோர்த்து, முழங்கையை மடக்காமல், ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், ஆறுக்கு மேல் போகாமல். ஒவ்வொரு தரமும் நெஞ்சு முழுதாக மேலெழும்ப விட வேண்டும். நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது. முப்பது அழுத்தலுக்கு இரண்டு மூச்சு. எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். கட்டின புருசனின் நெஞ்சில் கை வைத்தபோது முப்பது வரை எண்ண எனக்குத் தெரியவில்லை. பதினேழு சொன்னேன், பிறகு பதினாலு சொன்னேன். பிறகு அழுகைதான் வந்தது. எண்ணிக்கை போனதும் கையும் தளர்ந்தது.

அப்போதுதான் அவர் வந்தார். வாசல்படியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்து, ஹோலில் கிடந்த கதிரையை இழுத்து இவருடைய தலைமாட்டில் போட்டு இருந்தார். "குனிய ஏலாது மகள். எத்தின எண்ண வேணும், அத மட்டும் சொல்லு" என்றார். முப்பது, பிறகு நான் ஊத வேணும், அப்படி ஐந்து தரம், பிறகு ஆளை மாத்த வேணும் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எண்ணத் தொடங்கிவிட்டார்.

முதல் சுற்றில் இருபது வரை நன்றாகப் போனது. அதற்குப் பிறகு வேகம் விழுந்தது. ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், விளங்கும். இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு. தமிழில் அந்த எண்கள் நீளம். ஒரு செக்கனுக்கு இரண்டு அழுத்தல் போக வேண்டிய இடத்தில் வாய் பின்தங்கிவிடும், வாயோடு கையும் பின்தங்கும். வகுப்பில் எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. அவர் ஒரே சுற்றில் கண்டுபிடித்தார். இரண்டாவது சுற்றில், "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு" என்று பத்து வரை எண்ணினார். திரும்ப ஒன்றிலிருந்து பத்து, திரும்பவும் பத்து. "ஊது!" என்றார். ஊதினேன். "ஒண்டு, ரெண்டு..."

கரையில் வலை இழுக்கும்போது எல்லோரும் சேர்ந்து பாடுகிற அம்பாப் பாட்டுப் பாடிப் பழகிய குரல். ஏறாமல் இறங்காமல் அப்படியே நின்றது. என் கை அந்தக் குரலில் தொங்கிக்கொண்டு போனது என்றுதான் சொல்வேன். எனக்குள் வேறு எதுவும் இருக்கவில்லை. இவர் இருப்பாரா, பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று எதுவும் இல்லை. அடுத்து வரும் எண் ஒன்றுதான் இருந்தது.

இடது கையைத் தூக்கிப் பிடித்து, ஒரு சுற்று முடிந்தால் ஒரு விரலை மடக்கினார். அவருடைய சுண்டுவிரல் தானாக மடங்காது, எப்போதோ கயிறு வெட்டிய விரலாம். ஐந்தாவது சுற்று முடிந்ததும் வலக்கையால் அந்தச் சுண்டுவிரலைப் பிடித்து மடக்கி, "ஆள மாத்து" என்றார். முன்வீட்டுத் தம்பி என் இடத்துக்கு வந்தான். ஒருநாளும் செய்து பழகாத பிள்ளை. நான் கையை வைத்துக் காட்டினேன், பெரியப்பா எண்ணினார், அவன் அழுத்தினான். ஐந்து சுற்று என்றால் ஏறக்குறைய இரண்டு நிமிடம். அதற்கு மேல் ஒரே ஆள் செய்தால், களைப்புத் தெரியாவிட்டாலும் ஆழம் குறைந்துவிடும். மாறி மாறிப் பதின்மூன்று நிமிடம் போனது. அம்புலன்சில் வந்தவர்கள் நெஞ்சில் தட்டுகளை ஒட்டி மின்னதிர்ச்சி கொடுத்துவிட்டு, உடனே திரும்ப அழுத்தத் தொடங்கினார்கள். அப்போதும் அவர் நிறுத்தவில்லை. வந்த தம்பி, "எண்ணுங்க ஐயா, நல்லாயிருக்கு" என்றார்.

இவரை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டும்போதும் என் வாய் ஒன்று இரண்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

இரவில் வீட்டுக்கு உடுப்பு எடுக்கப் போனேன். ஹோல் கூட்டியிருந்தது. அடுப்பில் விட்டுவிட்டு ஓடிய கறியை யாரோ இறக்கி மூடி வைத்திருந்தார்கள். கதிரை மட்டும் அதே இடத்தில் கிடந்தது. அதை எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை, இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அன்றைக்கு வந்து நின்றவர்கள் மனம் நோகக்கூடாது, எல்லோரும் நல்லதைத்தான் நினைத்தீர்கள். விழுந்த பிறகு இவருடைய தொண்டையில் குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒன்று வரும், பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை, பிறகு இன்னொன்று. "மூச்சு இருக்குத்தானே, நெஞ்ச அமத்தாத" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்கள். வலிப்பு, கையில் இரும்பைக் குடு என்றார்கள். தண்ணீர் பருக்கப் பார்த்தார்கள். அது மூச்சல்ல. இதயம் நின்ற பிறகும் மூளைத்தண்டு கொஞ்ச நேரம் அப்படி இழுக்க வைக்கும். தட்டிக் கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு வழமைபோல் இல்லை என்றால் அழுத்தத் தொடங்க வேண்டும். இரத்தம் போகாவிட்டால் நாலு, ஐந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கிவிடும். எந்த அம்புலன்சும் அதற்குள் வந்துசேரும் என்று இருக்க முடியாது. வாயோடு வாய் வைத்து ஊத மனமில்லாவிட்டால், தெரியாவிட்டால், விடுங்கள். திடீரென்று விழுந்த வளர்ந்த ஆளுக்குக் கையால் அழுத்துவது மட்டுமே பெரிய உதவி.

தண்ணீரில் மூழ்கியவருக்கு அப்படியல்ல, அங்கே மூச்சும் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற ஊரில் இது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாமா? இந்த வாங்கில் இருந்து ஐந்து நாளாக இதைத்தான் யோசிக்கிறேன். நிச்சயமாக யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு என் வீட்டில் பதினைந்து பேர் நின்றார்கள். தெரிந்தது எனக்கு மட்டும், எனக்கும் பாதிதான்.

ஆகவே ஒன்று செய்யப் போகிறேன். இவர் வீட்டுக்கு வந்ததும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மாதர் சங்கக் கட்டடத்தில் வகுப்பு. பழக்கித் தர இந்த வோர்ட்டில் வேலை செய்யும் தாதி ஒருவர் தன் லீவு நாளில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நெஞ்சு அழுத்துவது மட்டுமில்லை, தொண்டையில் சாப்பாடு அடைத்தால் முதுகில் ஐந்து தட்டு, பிறகு மேல்வயிற்றில் ஐந்து அமத்தல், ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்கு வயிற்றை அமத்தக் கூடாது என்பதையும் செய்து காட்டுவார். காசு இல்லை. வயது பார்க்க வேண்டாம். முழங்கால் ஏலாதவர்களும் வாருங்கள்.

நேற்றுப் பின்னேரம் பெரியப்பா ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கட்டில் அருகே நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் கதைக்கவில்லை. இவருக்கு அவர் யாரென்று சரியாகப் பிடிபடவில்லை, நான் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்து வகுப்பைப் பற்றிச் சொன்னேன். எண்ணித் தர நீங்கள்தான் வர வேண்டும் பெரியப்பா என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"வாறன் மகள். கதிர ஒண்டு போட்டு வையுங்க."