உன் ஆயில் இன்ஜினும் என் மகனின் காரும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்த கேள்வி என்னை நிறுத்திவிட்டது. பழைய டைரிகளை எல்லாம் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு இப்போதுதான் எழுதுகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? யார் சொன்னாலும் வரப்பில் நடப்பதை நீ விடமாட்டாய், தெரியும். இருந்தாலும் குச்சி ஒன்றைக் கையில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். பேத்தி பத்தாம் வகுப்பு, வீட்டில் டிவி சத்தமே இல்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "டீசல் 40 ரூபாய்க்கு விற்ற காலத்தில் மூச்சு விட முடிந்தது. இப்போது 90க்கு மேல். அரசாங்கம் பழையபடி மானியம் கொடுத்து விலையைப் பிடித்து வைத்தால் என்ன? 28 வருஷம் பஸ் டெப்போவில் டீசல் கணக்கு எழுதினவன் நீ, சொல்" என்று எழுதியிருக்கிறாய். மின் இணைப்பு வராமல் நீ இன்னும் ஆயில் இன்ஜினில் தண்ணீர் இறைப்பது எனக்குத் தெரியும். உன் கஷ்டத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் அந்த மானியத்தின் கணக்கை உள்ளேயிருந்து பார்த்தவன் நான். அது உன் பெயரைச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. உன் கைக்கு வந்தது கொஞ்சம்தான்.

2012ஆம் வருஷத்தை எடுத்துக்கொள். பெட்ரோல் விலையை 2010 ஜூனிலேயே சந்தைக்கு விட்டுவிட்டார்கள். டீசல் விலையை மத்திய அரசு பிடித்து வைத்திருந்தது. 2012 மே மாதம் பெட்ரோலுக்கு ஒரே நாளில் ஏழரை ரூபாய் ஏறியபோது, டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்! டீசலுக்கு வரி குறைவு என்பதும் அதில் ஒரு பங்கு. இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுத்தான் என் பெரியவன் அந்த வருஷம் டீசல் கார் வாங்கினான். நானும் சரி என்றுதான் சொன்னேன். அவன் மட்டும் இல்லை. அந்தச் சமயத்தில் நாட்டில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் டீசல் கார்கள்தான்.

இப்போது நான் போட்ட கணக்கைப் பார். 2013 ஜனவரி வாக்கில் டீசலின் உண்மையான விலைக்கும் விற்ற விலைக்கும் இடையில் லிட்டருக்கு ஏறக்குறைய 10 ரூபாய் துண்டு விழுந்தது. உன் ஆயில் இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும். வருஷத்துக்கு 300 மணி நேரம் ஓட்டினாய் என்று வைத்துக்கொண்டால் உனக்குக் கிடைத்த மானியம் 3,000 ரூபாய். என் மகன் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினான், லிட்டருக்கு 18 கிலோமீட்டர். மாதம் 55 லிட்டர். வருஷத்துக்கு அவன் வாங்கியது 6,600 ரூபாய். நெல் விளைவித்த உனக்குக் கிடைத்ததைப் போல இரண்டு மடங்கு, ஏசி போட்டுக்கொண்டு ஆபீஸ் போனவனுக்கு. இதை எழுதிப் பார்த்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இது நம் இரண்டு வீட்டுக் கதை மட்டும் இல்லை. பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் இருக்கும் அமைப்பு ஒன்று அப்போது டீசல் எங்கே போகிறது என்று நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தி 2014இல் வெளியிட்டது. விவசாயத்துக்குப் போனது 13 சதவீதம். சொந்தக் கார்களுக்குப் போனதும் ஏறக்குறைய அதே 13 சதவீதம். விலையில் வைக்கிற மானியம் ஆளைப் பார்ப்பதில்லை, டேங்கைத்தான் பார்க்கிறது. யார் அதிகம் எரிக்கிறார்களோ அவர்களுக்கு அதிகம்.

2012இல் நம் ஊரில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? பல ஊர்களில் பாதி நாள் கரண்ட் இல்லை. கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் பட்டறையெல்லாம் ஜெனரேட்டரில் ஓடியது. ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் கிடைக்கும். மின்சாரம் செய்வதற்கு ரொம்பச் செலவு பிடிக்கும் வழி அது. டீசல் மலிவாக இருந்ததால் அப்படியும் தாக்குப்பிடித்தார்கள். கூலிக்காரனின் வேலை போகாமல் இருந்ததே, அது நல்லதுதான் என்று நீ சொல்வாய். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செல்போன் டவரும், பெரிய கடைகளின் குளிர்சாதனமும் அதே மானியத்தில்தான் ஓடின.

எங்கள் டெப்போவில் நடந்ததை உனக்கு நான் முழுசாகச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். 2013 ஜனவரியில் மத்திய அரசு ஒரு முடிவு எடுத்தது. பங்க்கில் சில்லறையாக வாங்குகிறவர்களுக்கு மாதா மாதம் 50 பைசா வரை மட்டும் ஏற்றுவது. ரயில்வே, போக்குவரத்துக் கழகம் மாதிரி மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு மானியமே கிடையாது, சந்தை விலைதான். டெப்போவுக்கு நேராக டேங்கர் வரும், பூமிக்குள் இருக்கும் எங்கள் டேங்கில் இறக்குவார்கள். அதனால் நாங்கள் மொத்த வாடிக்கையாளர். ஒரே நாளில் லிட்டருக்கு 10 ரூபாய்க்கு மேல் எங்களுக்கு ஏறிவிட்டது. எதிரே ரோட்டைத் தாண்டினால் பங்க்கில் பழைய விலை. அப்புறம் என்ன, பஸ்களை வெளியே பங்க்கில் டீசல் போடச் சொல்லி உத்தரவு வந்தது. தமிழ்நாடு முழுக்க அப்படித்தான் நடந்தது.

அந்த நாட்களை நான் மறக்கவே மாட்டேன். விடியற்காலையில் முதல் நடை எடுக்க வேண்டிய பஸ்கள் பங்க் வாசலில் வரிசையில் நின்றன. டிரைவர்கள் தூக்கக் கலக்கத்தில் ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருப்பார்கள். நான் பில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கூடவே நடப்பேன். எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு கார் நிற்கும், பின்னால் ஒரு கார் நிற்கும். ஒரு பஸ் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும். 50 பேர் ஏறினால் ஒரு லிட்டரில் 250 கிலோமீட்டர் பயணம் நடக்கிறது. காரில் இரண்டு பேர் போனால் 36. அந்த 250க்கு மானியம் கிடையாது, வேண்டுமானால் வரிசையில் நின்று வாங்கிக்கொள். இந்த 36க்கு கேட்காமலே உண்டு. ஒரு ஏழைக்குப் போய்ச் சேர வேண்டிய காசை இதைவிடத் தலைகீழாக எப்படிக் கொடுக்க முடியும், சொல்.

இவ்வளவுக்கும் காசு எங்கிருந்து வந்தது? 2012-13இல் டீசலில் மட்டும் விழுந்த துண்டு சுமார் 92,000 கோடி ரூபாய். அதில் ஒரு பங்கை மத்திய அரசு கொடுத்தது, ஒரு பங்கை ஓஎன்ஜிசி போல எண்ணெய் எடுக்கும் அரசு நிறுவனங்கள் தலையில் கட்டியது. அதற்கும் முந்தைய வருஷங்களில் கையில் காசு கொடுக்காமல் எண்ணெய் நிறுவனங்களுக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அவற்றை அடைக்கும் காலம் 2025-26 வரை நீண்டது. என் மகன் அந்த வருஷங்களிலேயே மானிய டீசலில் ஓட்டியிருந்தால் அதற்கான வட்டியை என் பேத்தி காலத்தில் கட்டியிருப்போம்.

மலிவு விலை கலப்படத்தையும் வளர்த்தது. ரேஷன் மண்ணெண்ணெய் டீசலைவிட இன்னும் மலிவு என்பதால் அதைக் கொண்டுபோய் டீசலில் கலந்தார்கள். மகாராஷ்டிரத்தில் மன்மாட் பக்கம் அதைத் தடுக்கப் போன கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணேவை 2011 ஜனவரியில் உயிரோடு எரித்துக் கொன்றார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு டெப்போவில் யாருமே பேசவில்லை.

மாதம் 50 பைசா ஏற ஆரம்பித்ததும், 2013-14இல் நாட்டின் டீசல் பயன்பாடு முந்தைய வருஷத்தைவிடக் கொஞ்சம் குறைந்தது. பல வருஷங்களில் அது முதல்முறை. தொழில் மந்தமும் ஒரு காரணம்தான், ஆனால் விலையும் வேலை செய்தது. 2014இல் கச்சா எண்ணெய் விலை விழுந்தது, அக்டோபரில் டீசலையும் சந்தைக்கு விட்டுவிட்டார்கள்.

இங்கேதான் எனக்கும் உனக்கும் ஒரே கோபம். சந்தை விலை என்றால் இறங்கும்போதும் இறங்க வேண்டாமா? 2014இல் 4 ரூபாய்க்குள் இருந்த மத்திய கலால் வரி, 2020 மே மாதம் லிட்டருக்கு கிட்டத்தட்ட 32 ரூபாய் ஆனது. கொரோனாவில் உலகமே எண்ணெயை வாங்க ஆள் இல்லாமல் நின்ற நேரம் அது. 2022 மே மாதம்தான் 16 ரூபாய்க்குள் வந்தது. மானியத்தை எடுத்தது சரி. அதில் மிச்சமான காசும், அதற்கு மேல் வசூலித்த வரியும் உன் வயலுக்கு எந்த வடிவத்தில் திரும்பி வந்தது என்று நீ கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வாடகைக்கு வரும் அறுவடை மிஷின் மணிக்கு இவ்வளவு என்று ஏற்றிக்கொண்டே போனதுதான் நீ கண்டது.

உதவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆளுக்குக் கொடு, எண்ணெய்க்குக் கொடுக்காதே என்கிறேன். 2021இல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆக்கினார்களே, எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மா அதில்தான் தினமும் வருகிறார். மாதக் கடைசியில் கையில் காசு நிற்கிறது என்கிறார். அந்தக் காசு எந்தக் காருக்கும் போகவில்லை. மீனவர்களுக்கு ஒரு படகுக்கு வருஷம் இத்தனை லிட்டர் என்று அளவு வைத்து வரி விலக்குடன் டீசல் தருகிறார்கள். அதிலும் பெரிய விசைப்படகுக்குத்தான் அளவு பெரிது, நாட்டுப் படகுக்கு அதில் நாலில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் யாருக்குப் போகிறது என்பதாவது தெரிகிறது.

உனக்கு நான் சொல்ல நினைப்பது சூரிய ஒளி பம்ப். வேளாண்மைப் பொறியியல் துறையில் பாதிக்கு மேல் மானியம் தருகிறார்கள். ஒருமுறை கொடுத்தால் தீர்ந்தது, தினமும் எண்ணெய் ஊற்ற வேண்டாம். உன் கிணற்று ஆழத்துக்கு எத்தனை குதிரைத்திறன் சரிப்படும் என்று அங்கே போய்க் கேட்க வேண்டும். முழங்காலை வைத்துக்கொண்டு நீ தனியாக அலையாதே. தை பிறந்ததும் நான் வருகிறேன், சேர்ந்து போகலாம். அதற்குள் போன குறுவைக்கு ஆயில் இன்ஜினுக்கு எத்தனை லிட்டர் ஊற்றினாய், எத்தனை மணி நேரம் ஓட்டினாய் என்று ஒரு தாளில் எழுதி வை. பழைய டீசல் பில் இருந்தால் அதையும் எடுத்து வை.

அன்புடன்,
உன் சுந்தரம்